பசியை அறிந்தவர் தந்த சிரிப்பு: சார்லி சாப்ளின்

மேலே சிறுத்த தொப்பி. கீழே பெருத்த காலணி. இறுகிய மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை. மூக்கின்கீழ் ஒட்டி வைத்தாற்போன்ற துண்டு மீசை. கையில் வளைந்து நிமிரும் மூங்கில் தடி. இவ்வுருவத்தைக் கண்டறியாதவர் நம்மில் மிகச் சிலரே. எழுத்துக் கூட்டிப் படிக்க அறியாத பாட்டியும், இன்னும் பள்ளி செல்லாத குழந்தையும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டு சிரிக்கக்கூடிய படங்கள் அவருடையவை. அவற்றில் பேச்சில்லை, ஆதலின் மொழிபெயர்த்துச் சொல்வாரும் தேவையில்லை.

அவ்வுருவத்துக்கு உயிர் தந்த சார்லி சாப்ளினின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுகின்றோம். அவர் ஈட்டிய பொருளையும் பெற்ற பட்டத்தையும் முதலில் சொல்லித் தொடங்குவது எளிது. ஆயினும், இலண்டன் மாநகரின் தென்பகுதியில், வாடகை கொடுக்க இயலாத ஒரு சிற்றறையிலிருந்து தொடங்குவதே முறையென்று நமக்குத் தோன்றுகிறது. அவர் உலகுக்குத் தந்த சிரிப்பின் பெரும்பகுதி அத்தகைய அறைகளில்தான் விளைந்தது.

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையின் பெயரும் சார்லஸ் சாப்ளினே. தாயார் ஹன்னா. இருவரும் இசையரங்குகளில் பாடிப் பிழைத்தவர்கள். இசையரங்கு என்று நாம் குறிப்பது, அக்கால இங்கிலாந்தில் உழைக்கும் மக்கள் மாலை வேளையில் கூடி மகிழ்ந்த கொட்டகைகளை. பாட்டு, ஆட்டம், வித்தை, கோமாளிக் கூத்து யாவும் ஒரே இரவில் அங்கே நடைபெறும். பின்னாளில் தோன்றிய ஆங்கில நகைச்சுவைப் படங்கள் பலவற்றுக்கும் வேர் அவ்வரங்குகளே.

தந்தை நல்ல குரல் வளம் உடையவர். ஆனால் குடிக்கு அடிமையானார். சார்லி கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தைப் பிரிந்து சென்றார். மது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நம் பெற்றோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹன்னாவுக்குத் துணையாக இருந்தவர்கள் இரு பிள்ளைகளே. மூத்தவன் சிட்னி, அவனுக்கு நான்கு வயது இளையவன் சார்லி.

சார்லிக்கு ஐந்து வயதானபோது நடந்த நிகழ்ச்சி ஒன்றை, 1964இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஆல்டர்ஷாட் என்னும் ஊரில், போர்வீரர் நிறைந்த அரங்கில் தாயார் பாடிக்கொண்டிருந்தார். பாதியில் குரல் உடைந்தது. கூட்டம் கூச்சலிட்டது, கேலி செய்தது. அவர் மேடையை விட்டு இறங்க நேர்ந்தது. செய்வதறியாத மேலாளர் ஓரத்தில் நின்ற சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மேடையில் நிறுத்தினார். சிறுவன் அஞ்சாமல் பாடினான். பாட்டுப் பாதியில் இருக்கும்போதே காசுகள் வந்து விழுந்தன. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொண்டு பிறகு பாடுவதாக அறிவித்தான். அரங்கம் சிரித்தது. மேலாளர் கைக்குட்டையுடன் வந்து காசு பொறுக்க உதவினார். அவர் அதனைத் தமக்கே வைத்துக்கொள்வாரோ என்று அஞ்சிய சிறுவன், காசு தாயின் கைக்குப் போய்ச் சேரும்வரை அவர் பின்னாலேயே சென்றான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. பிறகு தாய் பாடும் பாட்டு ஒன்றைப் பாடியவன், அவருடைய குரல் உடைந்த விதத்தையும் ஒன்றும் அறியாமல் அப்படியே பாடிக் காட்டினான். அதற்கும் மக்கள் கைதட்டினர்.

அன்றிரவு மகன் முதன்முறையாக மேடையேறினான். தாய்க்கு அதன்பின் குரல் திரும்பவேயில்லை.

வருவாய் நின்றது. நல்ல வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கும், அங்கிருந்து ஒற்றை அறைக்குமாக அவர்கள் மாறி மாறிச் சென்றனர். நகைகளும் உடைகளும் அடகுக் கடைக்குப் போயின. ஹன்னா கூலிக்குத் துணி தைத்தார். பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்க வழியில்லை. தம் பழைய மேடைச் சட்டையை வெட்டிச் சிட்னிக்குக் கோட்டு ஆக்கினார். தம் காலணியின் உயர்ந்த குதியை அறுத்து அவனுக்கு அணிவித்தார். மேடையில் தாம் அணிந்த சிவப்புக் காலுறையை வெட்டிச் சார்லிக்குக் கொடுத்தார். தெருப் பிள்ளைகள் இருவருக்கும் பட்டப்பெயர் வைத்துத் துரத்தினர். பொருந்தாத உடையோடும் காலுக்கு ஒவ்வாத காலணியோடும் ஒருவன் தெருவில் நடக்கும்போது உலகம் எப்படிச் சிரிக்கும் என்பதைச் சார்லி அந்த வயதிலேயே கற்றுக்கொண்டான்.

வறுமையிலும் ஹன்னா சிரிக்க மறந்தவரல்லர். சன்னலருகே அமர்ந்து தெருவில் போவோர் வருவோரைப் பார்த்திருப்பார். ஒருவர் நடக்கும் நடையைக் கொண்டே அவர் வீட்டில் என்ன நடந்தது, காலை உணவு உண்டாரா, மனைவியோடு சண்டையிட்டாரா என்று கதை கட்டி, முகத்தாலும் கையாலும் நடித்துக் காட்டுவார். மனிதர்களைக் கூர்ந்து நோக்கும் கலையைத் தமக்குக் கற்பித்தவர் தாயே என்று சாப்ளின் பிற்காலத்தில் கூறியதுண்டு. அவ்வகையில் ஹன்னாவே அவருடைய முதல் ஆசிரியை.

1896இல் மூவரும் லாம்பெத் ஏழைகள் விடுதியில் சேர நேர்ந்தது. இவ்விடுதிகள் அன்பில்லங்கள் அல்ல. உணவும் கூரையும் உண்டு; ஆயினும் உள்ளே சென்றவுடன் தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்துவிடுவர். சொந்த உடைகளைக் களைந்து விடுதியின் உடையை அணிய வேண்டும். சார்லிக்கு அப்போது வயது ஏழு. சில வாரங்களில் பிள்ளைகள் இருவரும் இலண்டனுக்கு வெளியே ஹான்வெல் என்னுமிடத்திலிருந்த ஏழைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர்.

விடுதிக் காலத்தில் நடந்த ஒன்றை நாம் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். பிள்ளைகளைக் காணாது ஏங்கிய ஹன்னா, தம்மையும் பிள்ளைகளையும் விடுதியிலிருந்து விடுவிக்கும்படி விண்ணப்பித்தார். விதிப்படி அவர்களுடைய சொந்த உடைகள் திருப்பித் தரப்பட்டன. நீராவியில் வேகவைத்து மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததால் அவை கசங்கிச் சுருங்கியிருந்தன. மூவரும் வெளியே வந்தனர். போக இடமில்லை. அருகிலிருந்த கென்னிங்டன் பூங்காவுக்குச் சென்றனர். சிட்னி தன் கைக்குட்டையில் ஒன்பது பென்ஸ் முடிந்து வைத்திருந்தான். அதில் அரை ராத்தல் செர்ரிப் பழம் வாங்கி மூவரும் உண்டனர். செய்தித்தாளை உருட்டிப் பந்தாக்கி விளையாடினர். மீதிக் காசுக்குத் தேநீரும் பலகாரமும் வாங்கிப் பகிர்ந்துகொண்டனர். பொழுது சாயும் வேளையில், மாலைத் தேநீருக்கு நேரம் தவறாமல் மூவரும் விடுதிக்கே திரும்பி நடந்தனர்! அதிகாரிகளுக்குக் கடுஞ்சினம். மீண்டும் பதிவு செய்ய வேண்டும். மீண்டும் உடைகளை வேகவைக்க வேண்டும். ஒரு பகல் பொழுது தம் பிள்ளைகளோடு இருப்பதற்காக ஒரு தாய் அரசாங்க விதிகளை இவ்வாறு ஏமாற்றினார். இதனைப் படிக்கும்போது சிரிப்பதா கண்ணீர் விடுவதா என்று நமக்கு விளங்கவில்லை. சாப்ளினின் படங்களைப் பார்க்கும்போதும் இதே நிலைதான் நமக்கு ஏற்படுகிறது.

1898இல் ஹன்னாவின் மனநலம் குன்றியது. மருத்துவமனையில் சேர்த்தனர். பிள்ளைகள் சில வாரங்கள் தந்தையின் வீட்டில் இருந்தனர். அங்கும் குடியும் சச்சரவுமே. பின்னர்ச் சார்லி, மரக்காலணி அணிந்து தாளமிட்டு ஆடும் சிறுவர் குழுவொன்றில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றான். தந்தை 1901இல், நாற்பது வயதுகூட நிறையுமுன் குடியால் மாண்டார்.

சார்லியின் வாழ்வில் மிகக் கொடிய நாள் 1903இல் வந்தது. சிட்னி கப்பலில் வேலைக்குச் சென்றிருந்தான். பவுனல் டெரஸ் என்னும் தெருவில் மேல்மாடத்து அறையொன்றில் தாயும் இளைய மகனும் இருந்தனர். ஒரு நாள் அவன் வீடு திரும்பும்போது வாசலில் நின்ற பிள்ளைகள் அவன் தாய்க்குப் பித்துப் பிடித்துவிட்டதாகக் கூறினர். அவர் வீடு வீடாகச் சென்று, குழந்தைகளுக்குப் பரிசென்று சொல்லிக் கரித்துண்டுகளைக் கொடுத்திருந்தார். மருத்துவர் வந்து பார்த்து, போதிய உணவின்மையும் இதற்குக் காரணமென்று எழுதிக் கொடுத்தார். பதினான்கு வயதுச் சிறுவன் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தான். பசியால் கால் தள்ளாடிய அவரைக் கண்டவர்கள் குடித்திருப்பதாக எண்ணிச் சிரித்தனர்.

உன்னைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று மருத்துவமனையில் கேட்டபோது, அத்தை வீட்டுக்குப் போவதாக அவன் பொய் சொன்னான். உண்மையைச் சொன்னால் மீண்டும் ஏழைகள் பள்ளிக்கு அனுப்பிவிடுவர். சிட்னி திரும்பும்வரை விறகு வெட்டுவோரோடு சேர்ந்து வேலை செய்தான். வீட்டுக்காரி கண்ணில் படாமல் இரவில் வந்து படுத்தான். பின்னர் இருவரும் தாயைக் காணச் சென்றபோது, அன்று பிற்பகல் ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்திருந்தால் தமக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் மகனிடம் சொன்னாராம். அச்சொல் வாழ்நாள் முழுதும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று சாப்ளின் எழுதியுள்ளார்.

அதே ஆண்டில் கதவு ஒன்று திறந்தது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் பணியாள் சிறுவன் வேடம் சார்லிக்குக் கிடைத்தது. பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாத அவனுக்குச் சரிவரப் படிக்கத் தெரியாது. வசனத்தை உரக்கப் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினான். நல்லவேளையாக வசனத் தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினர். சிட்னி உடனிருந்து படித்துக் காட்ட, மூன்றே நாளில் முழுவதையும் மனப்பாடம் செய்தான். மாணவச் செல்வங்களே, அண்ணன் தம்பியென்றால் அவ்விருவரைப்போல் இருக்க வேண்டும்!

அந்நாளில் பெயர்பெற்ற கூத்துக் குழுத் தலைவர் பிரெட் கார்னோ. அவரிடம் முதலில் சேர்ந்தவர் சிட்னி. அவர் வற்புறுத்தலால் 1908இல் சார்லிக்கும் இடம் கிடைத்தது. கார்னோவின் குழு, பேச்சைக் காட்டிலும் உடலசைவால் கதை சொல்வதில் வல்லது. விழுவது, எழுவது, ஏணியில் மோதுவது எல்லாவற்றுக்கும் அங்கே நொடிக்கணக்கு உண்டு. சார்லியின் குடிகாரன் வேடம் புகழ்பெற்றது. அவர் மதுவைத் தொட்டுக் கற்றதன்று அது. தந்தையின் கூட்டத்தாரைப் பார்த்துக் கற்றது. 1910இல் குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதே குழுவில் மற்றோர் இளைஞரும் இருந்தார். ஒல்லியாகத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாரே, அந்த ஸ்டான் லாரல்தான் அவர். ஒரே கொட்டகையில் பயின்ற இருவர் உலகத்தையே சிரிக்க வைத்தனர் என்பது வியப்புக்குரியது.

1913இல் கீஸ்டோன் என்னும் பட நிறுவனம் வாரம் 150 டாலர் சம்பளத்துக்குச் சாப்ளினை அமர்த்தியது. 1914 பிப்ரவரியில் முதற்படம் வெளிவந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை. அடுத்து வேடிக்கையான உடையொன்று அணிந்து வரும்படி கூறினர். அவர் உடை அறைக்குச் சென்று ஒன்றுக்கொன்று முரணானவற்றைத் தேர்ந்தெடுத்தார். தொளதொளத்த காற்சட்டைக்கு இறுகிய மேற்சட்டை. சிறு தொப்பிக்குப் பெருங் காலணி. நாம் தொடக்கத்தில் கூறிய உருவம் அன்று பிறந்தது. வீடற்ற நாடோடி, ஆனால் நடத்தையில் கனவான். கிழிந்த கையுறையைக்கூட மரியாதையாகக் கழற்றுவான். தன்னை உதைத்தவனுக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான். திருடுவான், ஓடுவான்; கையில் உள்ள கடைசி ரொட்டியைப் பிறருக்குக் கொடுத்துவிடுவான். முதலாளியும் காவலரும் துரத்தும் இம்மனிதனிடம் உலகத்து ஏழைகள் தம்மையே கண்டனர்.

புகழ் வந்த விரைவு வரலாற்றில் அதற்குமுன் காணாதது. 1916இல் வேறொரு நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 670,000 டாலர் தர இசைந்தது. உடனிருந்து பேரம் பேசியவர் சிட்னியே. சாப்ளினுக்கு அப்போது இருபத்தாறு வயது. 1919இல் நண்பர்களுடன் சேர்ந்து சொந்தமாகவே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் படவெளியீட்டு நிறுவனத்தை நிறுவினார். இக்கணக்குகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். பணம் வந்தபின் அவர் எதைப் படமாக்கினார் என்பதே நமக்கு முக்கியம்.

1921இல் வெளிவந்த படத்தின் பெயரே சிறுவன் என்று பொருள்படும் 'தி கிட்'. அதை எடுக்கத் தொடங்குமுன், 1919இல், சாப்ளினுக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றே நாளில் இறந்துபோயிற்று. படத்தின் கதை எளியது. குப்பைத் தொட்டியருகே கிடந்த குழந்தையை நாடோடி எடுத்து வளர்க்கிறான். கூரை சரிந்த மேல்மாடத்து அறையில் இருவரும் வாழ்கின்றனர். குழந்தை வளர்ந்து சிறுவனானதும் அதிகாரிகள் வந்து அநாதை விடுதிக்கு வண்டியில் ஏற்றுகின்றனர். சிறுவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். நாடோடி கூரைமேல் ஓடிச் சென்று வண்டியில் குதித்து அவனை மீட்கிறான். ஜாக்கி கூகன் என்னும் சிறுவனின் நடிப்பைக் கண்டு கல்நெஞ்சரும் கரைவர். லாம்பெத் விடுதியில் ஏழு வயதுச் சார்லியைத் தாயிடமிருந்து பிரித்த நாளில் கூரைமேல் ஓடி வர எவரும் இருக்கவில்லை. படத்தில் அவரே ஓடி வந்தார் என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அவ்வாண்டிலேயே சகோதரர் இருவரும் தாயை அமெரிக்காவுக்கு வரவழைத்தனர். கடற்கரையருகே வீடும், கவனித்துக்கொள்ளத் தாதியும் அமைத்துக் கொடுத்தனர். 1928இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சாப்ளினும் 1921இல் இலண்டனுக்குச் சென்றார். இரயில் நிலையத்தில் மக்கள் வெள்ளம். ஆனால் அவர் கூட்டத்துக்குத் தெரியாமல் பழைய தெருக்களுக்குப் போய், பவுனல் டெரசில் தாம் இருந்த மேல்மாடத்து அறையைக் கண்டு வந்தார்.

இளமையில் அவர் கண்ட காட்சியொன்றையும் இங்கே கூற வேண்டும். அவர்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஆடறுக்கும் தொட்டியிருந்தது. ஒரு நாள் ஓர் ஆடு தப்பித் தெருவில் ஓடியது. பிடிக்க வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர்; பார்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தனர்; சார்லியும் சிரித்தான். ஆட்டைப் பிடித்து இழுத்துச் சென்றபோதுதான் அதற்கு என்ன நேரப்போகிறது என்பது விளங்கியது. தாயிடம் ஓடிச் சென்று அழுதான். தம் படங்களில் சிரிப்பும் துயரமும் கலந்து நிற்பதற்கு இந்நிகழ்ச்சி வித்தாக இருந்திருக்கலாமென்று அவரே கருதினார்.

1925இல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். பொன் தேடிப் பனிமலைக்குச் சென்ற நாடோடி பசி தாங்காமல் தன் காலணியையே வேகவைத்து உண்கிறான். காலணிக் கயிற்றை நூலடை போலச் சுற்றி விழுங்குகிறான். ஆணிகளைக் கோழி எலும்புபோல் சப்பி வைக்கிறான். படப்பிடிப்புக்கு அதிமதுரத்தால் அக்காலணியைச் செய்திருந்தனர். பார்க்கும் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். பசியில் வாடாத ஒருவர் இக்காட்சியைக் கற்பனை செய்திருக்க முடியுமா என்பது ஐயமே.

1927க்குப் பின் பேசும் படங்கள் வந்தன. ஊமைப் பட நடிகர் பலர் வாழ்விழந்தனர். சாப்ளின் மட்டும் அசையவில்லை. நாடோடி ஆங்கிலம் பேசினால் ஆங்கிலம் அறிந்தவர்க்கு மட்டுமே உரியவனாகிவிடுவான் என்பது அவர் எண்ணம். 1931இல் பேச்சில்லாத 'சிட்டி லைட்ஸ்' படத்தை வெளியிட்டார். பார்வையற்ற பூக்காரப் பெண், நாடோடியைச் செல்வனென்று நம்புகிறாள். அவன் அரும்பாடுபட்டு அவள் கண் சிகிச்சைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சிறை செல்கிறான். திரும்பி வரும்போது அவளுக்குப் பார்வை வந்திருக்கிறது. எதிரே நிற்கும் கந்தல் மனிதனின் கையைத் தொட்டபோதுதான் அவளுக்கு அவன் யாரென்பது புரிகிறது. அத்துடன் படம் முடிகிறது. அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமுள்ளவர்க்கு நாம் இதனையே பரிந்துரைப்போம். இதற்காக ஒரே காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார். உடன் நடித்தவர்களுக்கு அவர் எளிய முதலாளி அல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இல்லறத்திலும் மூன்று திருமணங்கள் முறிந்தன. அவற்றில் அவர் பக்கம் குறையில்லையென்று சொல்ல நம்மால் இயலாது.

அப்படம் முடிந்தபின் உலகப் பயணம் புறப்பட்டார். 1931 செப்டம்பரில் இலண்டனில், வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகளைத் தொழிலாளர் வாழும் பகுதியொன்றில் சந்தித்தார். இயந்திரங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்பதே அவர் கேட்ட கேள்வி. இயந்திரத்தை அல்ல, அதன் வழியே ஒரு நாடு மற்றொரு நாட்டை அடிமை கொள்வதையே எதிர்ப்பதாக அடிகள் விளக்கினார். 1932இல் கீழ்த்திசைக்கு வந்த சாப்ளின் இலங்கையையும் சிங்கப்பூரையும் பாலித் தீவையும் கண்டார். உடன் வந்தவர் சிட்னி.

காந்தியடிகளின் சொல் அவர் மனத்தில் தங்கியிருந்ததோ என்னவோ, 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' இயந்திரத்தைப் பற்றியதாகவே அமைந்தது. ஓடும் பட்டையில் வரும் திருகாணிகளை இரு கையாலும் முறுக்கி முறுக்கி, வேலை நின்ற பின்னும் கை நிற்காமல் முறுக்கிக்கொண்டிருக்கும் தொழிலாளி அதில் வருகிறான். சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த, தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் ஒன்றையும் முதலாளி சோதித்துப் பார்க்கிறார். இயந்திரம் கெட்டுப்போய் அவன் முகத்தில் அறைகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கணக்குப் பார்த்து வேலை வாங்கப்பட்டவர்களுக்கு இக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை. இப்படத்தில்தான் நாடோடியின் குரல் முதன்முதலாகக் கேட்டது. அதுவும் எந்த மொழியிலும் சேராத, பொருளற்ற சொற்களாலான ஒரு பாட்டு! நாடோடியின் கதை அத்துடன் முடிந்தது.

சாப்ளின் பிறந்த நான்காம் நாள் பிறந்தவன் ஹிட்லர். மீசையும் ஒத்திருந்தது. 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில், கொடுங்கோலனாகவும் அவனைப்போலவே தோற்றமுடைய யூத முடிதிருத்துபவராகவும் இரட்டை வேடமேற்றார். உலகம் அஞ்சி நடுங்கிய ஒருவனை நோக்கிச் சிரிக்கும் துணிவு வேண்டுமல்லவா? ஆயினும் வதைமுகாம்களில் நடந்த கொடுமையின் உண்மை அன்று தெரிந்திருந்தால் அதை நகைச்சுவையாக எடுத்திருக்க இயலாது என்று அவர் பின்னர் எழுதினார்.

போருக்குப் பின் அமெரிக்காவில் அவரைப் பொதுவுடைமையாளர் என்று ஐயுற்றனர். 1952இல், பழைய இலண்டன் இசையரங்கைக் கதைக்களமாகக் கொண்ட 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டுக்காக மனைவி ஊனாவுடனும் பிள்ளைகளுடனும் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, அவர் திரும்பி வரும் அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. நாற்பது ஆண்டு உழைத்த நாடு கதவை மூடிற்று. குடும்பம் சுவிட்சர்லாந்தில் குடியேறியது.

அவர் இல்லாத காலத்தில் இங்கிலாந்தின் நகைச்சுவைப் படங்களும் தழைத்திருந்தன. 1930களில் ஜார்ஜ் பார்ம்பி, கிரேசி பீல்ட்ஸ், வில் ஹே முதலியோர் இசையரங்கிலிருந்தே திரைக்கு வந்தனர். வில் ஹே ஏற்ற வேடம், மாணவரைவிடக் குறைவாக அறிந்த தலைமையாசிரியர்! (நம் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) 1949இல் ஈலிங் படநிலையம் தந்த படமொன்றில் அலெக் கின்னஸ் ஒரே குடும்பத்தவர் எண்மராக நடித்தார். சாப்ளின் 1957இலும் 1967இலும் இங்கிலாந்தில் இரு படங்கள் எடுத்தார். அவை பழைய படங்களின் உயரத்தை எட்டவில்லை. 1965இல், தம்பியின் பிறந்தநாளன்றே சிட்னி காலமானார்.

கதவை மூடிய அமெரிக்கா 1972இல் அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கியது. அரங்கிலிருந்தோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். முதியவர் பேச முடியாமல் கண்கலங்கினார். 1975இல் எலிசபெத் அரசியார் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அதனைப் பெற்றார். 1977 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடியற்காலையில், எண்பத்தெட்டாம் வயதில் உறக்கத்தில் உயிர் நீத்தார்.

இறந்த பின்னும் அவரை ஒரு கோமாளிக் கூத்து விடவில்லை. 1978 மார்ச்சில் திருடர் இருவர் அவர் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்துச் சென்று பணம் கேட்டனர். ஊனா அம்மையார் கொடுக்க மறுத்துவிட்டார். மே மாதத்தில் காவலர் அதனை ஒரு சோளக் கொல்லையில் கண்டெடுத்தனர். மறுபடியும் அடக்கம் செய்தபோது மேலே கெட்டியாகச் சிமெண்டு போட்டு மூடினர்.

லாம்பெத் ஏழைகள் விடுதியின் கட்டடங்களில் ஒரு பகுதி எஞ்சி நின்றது. 1998ஆம் ஆண்டு முதல் அதில் திரைப்பட அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. பழைய படக்கருவிகளும் சுவரொட்டிகளும் கொட்டகை நாற்காலிகளும் அங்கே வைக்கப்பட்டன, படங்களும் திரையிடப்பட்டன. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தாயின் கையைவிட்டுப் பிரிந்து அழுத இடத்தில் மக்கள் கூடி அமர்ந்து அவனுடைய படங்களைப் பார்த்துச் சிரித்தனர்.